கஸ்பார் பர்னாந்தின் முறை

அன்று காலை சங்குமுனை மீன் ஏலக்கூடத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கிழக்கு வாசலை ஒட்டி, கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல், மாதா தெருவின் உறுப்பினர் கஸ்பார் பர்னாந்து. அவருக்கு எதிரே, தூணோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில், பள்ளிவாசல் தெருவின் உறுப்பினர் ஜுனைதா. தராசு மேடையின் விளிம்பில், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, உப்பளத் தெருவின் தங்கப்பழம். சுவரில் பதித்த திரைக்கு அடியில், வெறுந்தரையில், அரணைப் பராமரிக்க அரசுத் துறை அனுப்பிவைத்திருந்த அஜிலா. ஐஸ்பெட்டியின் மேல் பலகை போட்டு எழுதிக்கொண்டிருந்தவன், அரண் குழுவின் செயலர் யேசுவடியானாகிய நான். என் வீடு உப்பளத் தெருவில். குழுவில் எனக்கு ஓட்டு கிடையாது.

"கடலையும் எழுதிக்கிடுங்க ரைட்டரே," என்றாள் அஜிலா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆகவே எழுதிக்கொண்டேன்: கடல், தெற்கு வாசலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில்.

அரண் என்று நாங்கள் சொல்வது கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியதல்ல. கடலடியில் கம்பிவலை பதித்திருக்கிறார்கள். அதில் மின்சாரம் ஓடும்போது மணல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுவராக நிற்கும். சொன்னால் சொன்ன இடத்துக்கு ஊர்ந்தும் போகும். ஊர் கடல் மட்டத்துக்குத் தாழ்ந்து வெகுகாலமாகிவிட்டது. மூன்று தெருக்களுக்கும் முன்னால் அரண் மூன்று இடங்களில் புடைத்து நிற்கிறது. அவற்றைத் தோள் என்போம். ஒரு தோள் மெலிந்தால் அதன் பின்னால் இருக்கிற தெருவில் தண்ணீர் ஏறிவிடும். மணலோ இருப்பது அவ்வளவுதான். அரணுக்குப் பின்னால் கிடக்கிற உபரி தீர்ந்துவிட்டால், ஒரு தோளுக்குக் கொடுக்க இன்னொரு தோளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முன்பு எங்கே எடுப்பது, எங்கே கொடுப்பது என்பதை அரணின் இயந்திரமே முடிவு செய்துவந்தது. ஓர் ஐப்பசியில் அது கணக்குப் போட்டுப் பார்த்து, அப்போது நான்காவதாக இருந்த கிழக்குத் தெருவைக் கைவிட்டது. கணக்கு சரியே என்று துறையிலிருந்து கடிதம் வந்தது. ஊர் திரண்டு போய்த் திரையை உடைத்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஒப்பந்தம். நாளுக்கு ஒரு தெரு. அன்றைய முறை எந்தத் தெருவுக்கோ அந்தத் தெருவின் உறுப்பினர் திரையின் முன் நின்று வாயால் சொல்ல வேண்டும், மணல் எங்கிருந்து எங்கே போக வேண்டுமென்று. முறை என்பது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. தேர் வடத்துக்கும் வலை இழுப்புக்கும் முறைக்காகவே மண்டை உடைந்த ஊர் இது. ஆகவே யாருடைய முறையும் பறிபோகக் கூடாது என்று எழுதினோம். ஒரு வருடம், அப்போது உப்பளத் தெருவின் உறுப்பினராக இருந்த தங்கப்பழத்தின் தம்பி தன் முறை நாளில் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டான். மாதா தெருவில் தண்ணீர் புகுந்தது. வேண்டுமென்றே போனான் என்று கஸ்பார் சத்தம் போட்டு, இன்னொரு வாசகத்தைச் சேர்க்க வைத்தார்: மதியத்துக்குள் வாய் திறக்காத தெருவின் தோளிலிருந்தே மணல் எடுக்கப்படும். தங்கப்பழமும் சும்மா இருக்கவில்லை. பேருக்கு ஒரு கைப்பிடி நகர்த்திவிட்டுப் போகிற தந்திரம் வேண்டாம், இவ்வளவுக்குக் குறைந்தால் நகர்வு ஆகாது என்று ஓர் அளவைச் சேர்க்க வைத்தார். எல்லாவற்றையும் இயந்திரத்துக்குள் ஏற்றிப் பூட்டிவிட்டார்கள். துறையின் சம்மதம் இல்லாமல் ஓர் எழுத்தை மாற்ற முடியாது.

இனி அந்த வருடத்துக் கடலைப் பற்றி. வாடைக் காற்று தொடங்கினால் இந்தக் கரையில் நின்று பேச முடியாது. காதுக்குள் கத்த வேண்டும். அந்தக் கார்த்திகையிலோ கடல் எண்ணெய் ஊற்றினதுபோலத் தட்டையாகக் கிடந்தது. காற்று அடித்தது, தென்னைகள் ஆடின, தண்ணீர் மட்டும் அசையவில்லை. அலைச் சத்தம் இல்லாததால் பிள்ளைகள் தூங்கவில்லை. ஒவ்வொரு நாளும் முறைக்காரர் மணலை நகர்த்துவார். மறுநாள் விடிந்து பார்த்தால், மணல் விட்டுப்போன இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் செய்யும். முட்டாது, அரிக்காது. உட்கார்ந்துகொண்டு காத்திருக்கும். கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் தண்ணீருக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து கரையேறினார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

முந்தின நாள் தங்கப்பழத்தின் முறை. அரணுக்குப் பின்னால் உபரியாகக் கிடந்த கடைசிக் குவியலை அவர் நகர்த்திவிட்டார். அன்று கஸ்பாரின் முறை. அதற்காகத்தான் அஜிலா எல்லோரையும் விடிந்ததும் கூப்பிட்டிருந்தாள்.

அவள் திரையில் மூன்று தோள்களையும் காட்டினாள். மூன்றிலும் வேண்டிய அளவு மணல் இருந்தது, அதற்கு மேல் ஒரு சட்டிகூட இல்லை.

"அண்ணாச்சி, நீங்க இதத் தொடாம இருந்தா வாடை முடியுற வரைக்கும் அரண் அப்படியே நிக்கும். ஒரு வீடு நனையாது. தொட்டீங்கன்னா எடுத்த இடம் இன்னைக்கே போயிரும்," என்றாள்.

"அப்ப தொடல. முடிஞ்சுதுல்லா," என்று கஸ்பார் எழுந்துகொண்டார்.

"உக்காரும்வே," என்றார் தங்கப்பழம். "தொடாட்டி உம்ம தோளத்தான் உருவும். அத எழுதுறப்ப மீசைய முறுக்கிக்கிட்டுல்லா கையெழுத்துப் போட்டீரு."

"கொஞ்சமாத் தொட்டுக்கிடுதேன்."

"அதுக்கு இவரு அளவு வச்சிருக்காரே," என்றார் ஜுனைதா, தங்கப்பழத்தைப் பார்க்காமலே. தங்கப்பழம் காலாட்டுவதை நிறுத்தினார்.

அந்த மதிய வாசகத்தை நிறுத்திவைக்கும்படி துறைக்கு அஜிலா ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தாள். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருந்தது. அதைப் படித்துக் காட்டினாள். கூரையில் காகம் நடக்கிற சத்தம் கேட்டது.

அஜிலா கல்லூரி நாட்களில் சதுரங்கம் ஆடி மாவட்டத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவள். அரண் அறையில் தன்னந்தனியாகப் பலகையை விரித்து இரண்டு பக்கமும் அவளே ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் சொன்னாள்:

"ஆட்டத்துல இப்படி ஒரு நிலை உண்டு. எதிராளி நம்ம காயை வெட்ட மாட்டான். மிரட்டக்கூட மாட்டான். தன் ராசாவை ஒரு கட்டம் அங்கிட்டு, ஒரு கட்டம் இங்கிட்டு வச்சுக்கிட்டே இருப்பான். நம்மகிட்ட இருக்கிற சும்மா நகர்வெல்லாம் தீர்ந்துபோகும். அப்புறம் முறை நம்மகிட்ட வரும். நம்ம காயெல்லாம் நல்ல இடத்துல இருக்கும். இருக்கிற மாதிரியே இருந்தா தோல்வியே கிடையாது. ஆனா நகர்த்தித்தான் ஆகணும். எதை நகர்த்தினாலும் நாமளே நம்மளக் கெடுத்துக்கிடுவோம்."

"சும்மா இருக்கேன்னு சொல்ல முடியாதா?" என்று கேட்டேன்.

"அந்த ஆட்டத்துல முடியாது. நீங்க எழுதின ஆட்டத்துலயும் முடியாது."

"எதிராளின்னியே மக்களே," என்றார் கஸ்பார் அவளிடம், மெதுவாக. "அது தண்ணியில்லா. அதுக்கு மூளை உண்டா?"

அஜிலா திரையில் வேறு ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். கடல் எப்போது என்ன செய்யும் என்று முன்கூட்டியே அறிய வேண்டி, இயந்திரம் பல வருடங்களாக ஒரு கடலைக் கற்பனை செய்து வைத்திருக்கிறதாம். அந்தக் கடலுக்கு ஊரை எடுத்துக்கொள்ளும் ஆசை உண்டு என்று வைத்துக்கொண்டு அதனோடு ஓயாமல் ஆடிப் பார்க்கும். அந்த ஆட்டங்களிலிருந்துதான் எங்களுக்கு யோசனை சொல்லும். நாங்களும் முறை நாட்களில் பெரும்பாலும் அந்த யோசனைப்படிதான் மணலை நகர்த்திவந்தோம். மணல் நகர்ந்தால் அடிநீரோட்டம் மாறும். நீரோட்டம் மாறினால் கடல் மாறும்.

"நிசக் கடலுக்கு மூளை கிடையாது அண்ணாச்சி. ஆனா தினமும் நகர்த்தி நகர்த்தி அது ஓடுற தடத்த நாமதான் வெட்டிக் கொடுத்தோம். இப்ப ரெண்டு கடலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கேன். வித்தியாசம் தெரியல."

திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று கற்பனைக் கடல், ஒன்று வெளியே கிடக்கிற கடல். போன ஆடிவரை தனித்தனியாக ஓடிவந்தவை, அதற்குப் பிறகு ஒரே கோடாக இருந்தன. ஜுனைதா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். தெற்கு வாசலைச் சாத்தும்படி என்னிடம் சொன்னார். சாத்திவிட்டு வந்தேன்.

அப்புறம் நடந்ததை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கஸ்பார் எழுந்து திரையின் முன்னால் போய் நின்றார். "வணக்கம் கஸ்பார் பர்னாந்து. இன்று உங்கள் முறை," என்றது திரை. அவர் மருமகள் வியாகுலமேரிக்கு அது நிறைமாதம். மகன் தொழிலுக்குப் போய்த் திரும்பாத வீடு. மாதா தெருவின் கடைசியில், தோளுக்கு நேர் பின்னால், அந்த வீடு இருக்கிறது. கஸ்பார் ஒரு வார்த்தை சொன்னால் பள்ளிவாசல் தெரு போகும். அல்லது உப்பளத் தெரு போகும், அதில் என் வீடும் என் தாயாரும். அவர் எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பின்கழுத்தில் வியர்வை இறங்குவதை, பின்னால் இருந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கப்பழம் இறங்கி நின்றுகொண்டார். ஜுனைதா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"எங்க தெருவுல இன்னைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. சொல்லப்போறீங்கன்னா முதல்ல சொல்லிருங்க. கூட்டிட்டு வரணும்."

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். "மாதா தெருக்காரன் அடுத்தவன் தோளத் தொட்டான்னு பேரு வேண்டாம். என்னுதுலயே எடுத்துக்கிடச் சொல்லுதேன்," என்றார்.

"சொன்னீங்கன்னா இன்னைக்கு உங்க தெரு," என்றாள் அஜிலா. "நாளைக்கு ஜுனைதா ராத்தா முறை. அவங்களுக்கும் இதே நிலைதான். நாளன்னைக்கு உப்பளம். நீங்க கொடுக்கிறதால யாரும் பிழைக்க மாட்டாங்க அண்ணாச்சி. ஒவ்வொரு நாளா போவோம். அவ்வளவுதான்."

கஸ்பார் திரும்பி வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கொடுக்கவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் ஒரு மனிதன் எப்படி இருப்பான் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஜுனைதா கேட்டார், "கிழக்குத் தெருகிட்ட மட்டும் அது முறை கேக்க மாட்டேங்குதே. ஏன்?"

"அங்க ஆள் இல்லைன்னு பதிவு ராத்தா."

"ஆள் இல்லைன்னா?"

"முறை கிடையாது."

"மூணு தெருவுலயும் ஆள் இல்லைன்னு பதிவானா?"

அஜிலாவுக்கே அது தோன்றியிருக்கவில்லை என்பது தெரிந்தது. விரலால் தரையில் மூன்று புள்ளி வைத்து அழித்தாள். "யாரையும் கேக்காது. இருக்கிற மாதிரியே நிக்கும். கடல்தான் நகரணும்," என்றாள்.

வழி அதுதான். ஆளில்லாத ஊர் என்று பதிவு செய்ய அஜிலாவுக்கு அதிகாரம் உண்டு. திரையில் அவள் பதிந்ததும் அது நடைமுறைக்கு வரும். ஆனால் நேரில் பார்வையிட்டேன் என்று அவள் கையெழுத்திட்ட கடிதம் அன்றைக்கே, மதியத்துக்கு முன் தபால் முத்திரை பெற்றுத் துறைக்குப் புறப்பட வேண்டும். இல்லாவிட்டால் பதிவு செல்லாது. தபால் கொண்டுவருகிற மோட்டார் படகான லாஞ்சு முன்பகலில் வரும். அவளும் அதில் ஏறிப் போய்விட வேண்டும், ஏனென்றால் அவள் இருந்தால் ஓர் ஆள் இருப்பதாகக் கணக்கு.

அதன் விலையையும் அவளே சொன்னாள். ரேஷன் நிற்கும். மருத்துவப் படகு வராது. வாத்தியார்களைத் திருப்பி அழைப்பார்கள். ஓட்டு இருக்காது, பட்டா இருக்காது. அரணுக்கு மின்சாரம் ஓடும், வீடுகளுக்கு ஓடாது. புயல் என்றால் யாரும் தேடி வர மாட்டார்கள். அடுத்த வாரம் முதல் லாஞ்சும் நிற்காது.

"தொழிலுக்குப் போறதுக்கு எவன்கிட்டயும் பேரு பதியணுமா என்ன?" என்றார் கஸ்பார். ஆனால் குரலில் பலம் இல்லை.

மூன்று பேரும் அவரவர் தெருவுக்குப் போனார்கள். மாதா கோயில் மணி அடித்தது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி கூப்பிட்டது, தங்கப்பழம் உப்பளத் தெருவில் வீடு வீடாக நடந்தார். சிலர் அழுதார்கள், சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஓய்வூதியம் வாங்குகிற ஒருவர், நான் செத்துட்டேன்னு எழுதச் சொல்லுதியாடே என்று என் சட்டையைப் பிடித்தார். பிறகு எல்லோரும் தெற்கே ஒரு தடவை பார்த்தார்கள். தண்ணீர் அப்படியே கிடந்தது. பார்த்தவர்கள் சரி என்றார்கள்.

அஜிலா திரையில் பதிந்தாள். ஊர்ப்படத்தில் வீட்டுக்கு ஒரு விளக்காக எரிந்துகொண்டிருந்த புள்ளிகள் தெரு தெருவாக அணைந்தன. கஸ்பார் திரையின் முன் போய் நின்றார். அது அவருக்கு வணக்கம் சொல்லவில்லை. "ஏய், நான் கஸ்பார்," என்றார். பேசாமல் இருந்தது. கையை அதன் முகத்துக்கு நேரே ஆட்டினார். கண்ணாடியில் எங்கள் நிழல்கள் மட்டும் அசைந்தன. அவர் இன்னும் இரண்டு மூன்று தடவை தன் பேரைச் சொன்னார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சத்தம் குறைவாக. ஜுனைதா போய் அவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

கடிதத்தை எழுதுவது என் வேலை. பெறுநர், பொருள், ஐயா என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவன், மேற்படி ஊரில் தற்போது ஒருவரும் வசிக்கவில்லை என்ற வரியில் நின்றுவிட்டேன். இல்லாததை எழுதி எனக்குப் பழக்கமில்லை.

"பொய்யில்ல தம்பி," என்றார் ஜுனைதா. "எழுதுங்க. கொஞ்ச நாள்ல நிசமாயிரும்."

எழுதினேன். அஜிலா வாங்கி, நேரில் பார்வையிட்டேன் என்று கீழே எழுதத் தொடங்கினாள். எழுதும்போது அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்துக் கொடுத்தாள்.

லாஞ்சின் ஊதல் கேட்டபோது வியாகுலமேரி ஒரு துணிப்பையோடு வந்து நின்றாள். அவளை அஜிலாவோடு அனுப்பக் கஸ்பார் சொல்லியிருந்தார். மருத்துவப் படகு வராத ஊரில் அவளை வைத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை. அவள் சண்டை போடவில்லை. லாஞ்சு அணைகிற பாலத்தில் கால் வைப்பதற்கு முன் திரும்பி ஒன்று கேட்டாள்.

"மாமா, ஆஸ்பத்திரியில பிள்ளைக்கு எந்த ஊருன்னு கேப்பாங்களே. என்ன சொல்ல?"

கஸ்பாருக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவள் நின்று பார்த்தாள். பிறகு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஏறிப்போய்விட்டாள்.

நான் உறைக்குள் தாளை வைத்தேன். முன்பக்கம் துறையின் முகவரியை எழுதினேன். இடது மூலையில் அனுப்புநர் என்று எழுதி, கீழே எழுத வேண்டியதை எழுதப் பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டால் அரை மதிப்பெண் குறைப்பார்கள். பேர், தெரு, ஊர். மூன்றும் எனக்கு மனப்பாடம். மூன்றும் இல்லை என்று உள்ளே என் கையாலேயே எழுதியிருந்தது. அனுப்புநர் என்ற சொல்லையும் அடித்துவிட்டேன். பசை தடவி, ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டி, தபால்தலை ஒட்டினேன்.

லாஞ்சில் வருகிற தபால்காரர் வெளியூர்க்காரர், கண்டிப்பானவர். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அனுப்புறவங்க பேரு இல்லையே. போய்ச் சேரலைன்னா எங்க திருப்புறது?"

"திருப்ப வேண்டாம்," என்றாள், ஏற்கெனவே லாஞ்சில் ஏறிவிட்ட அஜிலா.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு முத்திரையைக் குத்தினார். மதியத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கடிதத்தைப் பைக்குள் போட்டார். பையின் வாயைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல, குனிந்தபடியே கேட்டார்: "இங்கிருந்து வேற தபால் உண்டா?"

கரையில் ஊரே நின்றுகொண்டிருந்தது. இல்லை என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். லாஞ்சிலிருந்து அஜிலா என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று. இல்லை என்று சொல்லவும் இங்கே ஓர் ஆள் இருக்க வேண்டுமே என்று நிறுத்திக்கொண்டேன். கஸ்பாரும் பேசவில்லை. ஒருவரும் பேசவில்லை. தபால்காரர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே பையின் வாயைச் சுருக்கிக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கிவிட்டு, லாஞ்சை எடுக்கச் சொன்னார்.